மறைத்து வைப்பதா மானம்?

பேசத் தகாதது என்று நமது சமுதாயம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு பொருளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். தாயும் தந்தையும் பிள்ளைகளும் படிக்கும் ஏட்டில் இது தேவைதானா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். தாயும் தந்தையும் பிள்ளைகளும் பேசாமல் விட்டதனால்தான் இது இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பதே அவர்களுக்கு நமது விடை. 18 வயது நிறையாத பெண்பிள்ளைகள் கருவுறுகிறார்கள். சிலர் நிக்காஹ் முடிந்து. சிலர் நிக்காஹ் இன்றி. இவ்விரு சாராரையும் ஊர் ஒரே வகையில்தான் நடத்துகிறது: மறைத்து வைக்கிறது. அந்த மறைப்பையே நாம் இங்கு எதிர்த்து வாதிடுகிறோம். மானத்தைக் காப்பதாக எண்ணிச் செய்யப்படும் மறைப்பு, உயிருக்கு உலை வைக்கிறது என்பது நமது குற்றச்சாட்டு.

வடசென்னையை எடுத்துக்கொள்வோம். ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று எண்ணூர் வரை நீளும் கரையோரத்தில் துறைமுகமும் மீன்பிடித் துறையும் ஆலைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. 1940களின் இறுதியில் எண்ணூரில் அசோக் லேலண்டும், 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டும், 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையமும் வந்தன. ஆலை வேலையை நம்பிக் குடும்பங்கள் குடியேறின. அவற்றுள் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பள்ளிவாசல்களும் மஹல்லாக்களும் உண்டு. அந்த அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. நிரந்தர வேலை என்பது அருகிப்போய், ஒப்பந்த வேலை பெருகிவிட்டது. தந்தை ஒரு நேர வேலைக்கும் தாய் வேறொரு நேர வேலைக்கும் போக வேண்டியதாயிற்று. ஒற்றை அறை வீட்டில் வயது வந்த பெண் தனித்திருக்கிறாள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் போன்ற ஒரு துன்பம் நேர்ந்தால், படகும் கரையேறிவிடுகிறது, பிழைப்பும் நின்றுவிடுகிறது. பிழைப்பு நின்ற வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்பே.

இதே ராயபுரத்தில்தான் ராஜா சர் ராமசாமி முதலியார் பேறுகால மருத்துவமனை இருக்கிறது. மக்கள் வாக்கில் அது ‘ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி’. 1880இல் தோன்றி, இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்து, இக்கரையோரத்து ஏழை எளியவர்களின் பிள்ளைப்பேற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகத் துணை நிற்கிறது. அதன்றி, மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் நடந்து போகும் தொலைவில் உள்ளன. மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, கட்டணம் இல்லை. அப்படியிருந்தும் 16 வயதுப் பெண் கருவுற்றால், முதல் மூன்று மாதத்தில் அவள் அங்கே போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடைகள்! அவளைத் தடுப்பது எது? இதுவே நமது கேள்வி.

உடல் அறியும் உண்மை

பருவமடைந்துவிட்டாள் என்பதனால் ஒரு பெண் பிள்ளை பெறத் தயாராகிவிட்டாள் என்று நமது பெரியவர்கள் பலர் எண்ணுகிறார்கள். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. மாதவிடாய் தொடங்கிய பின்னரும் பெண்ணின் உடல் சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இடுப்பெலும்பு முழு அளவை எட்டுவது உயர வளர்ச்சிக்கும் பிந்தியே. அதற்கு முன் பிள்ளைப்பேறு நேர்ந்தால் குழந்தை வழியில் சிக்கிக்கொள்ளும் அபாயம் மிகுதி. வளரும் தாயும் வளரும் கருவும் ஒரே உணவுக்குப் போட்டியிடுகின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். தனக்கே இரத்தம் போதாதவள் இன்னோர் உயிருக்கு எங்கிருந்து இரத்தம் கொடுப்பாள்?

20 முதல் 24 வயதுவரை உள்ள தாய்மாரைவிட, 10 முதல் 19 வயதுவரை உள்ள தாய்மாருக்குப் பேறுகால வலிப்பும், கருப்பையில் சீழ்பிடிக்கும் நோய்த்தொற்றும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அவர்கள் பெறும் குழந்தைகளும் மாதம் நிறையுமுன் பிறப்பதற்கும், எடை குறைந்து பிறப்பதற்கும் வாய்ப்பு அதிகம். உலகெங்கும் 15 முதல் 19 வயதுப் பெண்களின் உயிரைப் பறிக்கும் முதன்மையான காரணங்களுள் கருவுற்ற கால, பேறுகாலச் சிக்கல்களும் அடங்கும்.

இவற்றுள் பெரும்பாலானவை முன்னரே கண்டறியக் கூடியவை. இரத்தக் கொதிப்பை அளந்து பார்த்தால் வலிப்பு வருமுன் தடுக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் இரத்தசோகையைக் குறைக்கலாம். ஸ்கேன் எடுத்தால் கருவின் வளர்ச்சி தெரியும். ஆனால் இவை எல்லாம் யாருக்குக் கிடைக்கும்? மருத்துவமனைக்கு வந்தவளுக்கு! எட்டு மாதம் தாவணிக்குள்ளும் துப்பட்டிக்குள்ளும் மறைத்து வைக்கப்பட்டு, வலி கண்ட பின் நள்ளிரவில் ஆட்டோவில் கொண்டுவரப்படும் பெண்ணுக்கு எந்த மருத்துவர் என்ன செய்ய முடியும்? அவளுக்கு வந்த கேட்டில் பாதி இளவயதால் வந்தது. மறுபாதி மறைப்பால் வந்தது.

எண்கள் சொல்வது

“இதெல்லாம் பிற சமூகத்தாரிடம் உண்டு; நம்மிடம் இல்லை” என்பார் ஒரு சாரார். “இது முஸ்லிம்களின் நோய்” என்பார் வெளியிலுள்ள மற்றொரு சாரார். இருவரும் தவறு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களுள் 6.8 சதவீதத்தினர் தாயாகவோ கருவுற்றோ இருந்ததாகக் கண்டது. முஸ்லிம் பெண்களிடையே அது 8.4 சதவீதம், ஹிந்துப் பெண்களிடையே 6.5. ஆகவே நம்மிடம் இல்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத பெண்களிடையே 18 சதவீதம். 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களிடையே 4 சதவீதம். மதத்தால் வரும் வேறுபாடு சிறிது. படிப்பால் வரும் வேறுபாடோ மலையளவு. நோய் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தமிழகக் கணக்கு நமது கண்ணை இன்னும் அகலத் திறக்க வேண்டியது. 20 முதல் 24 வயதுப் பெண்களுள் 18 வயதுக்குமுன் மணமானவர் விகிதம், 2015–16இல் 16.3 ஆக இருந்து 2019–21இல் 12.8 ஆகக் குறைந்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அதே காலத்தில், 15 முதல் 19 வயதில் தாயானோர், கருவுற்றோர் விகிதம் 5.0இலிருந்து 6.3 ஆக உயர்ந்தது! கல்யாணத்தை மட்டும் எண்ணிப் பார்த்து, கடமை முடிந்தது என்று எவரும் கைகழுவ இயலாது என்பதற்கு இது சான்று.

கல்யாணம் மருந்தாகுமா?

“குமரை வீட்டில் வைத்திருப்பது நெருப்பை மடியில் கட்டியிருப்பது போல” என்று நமது தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. வேலைக்குப் போன தாயின் நெஞ்சு வீட்டிலேயே கிடந்து துடிப்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த அச்சத்திற்கு அவர்கள் கண்ட மருந்து என்ன? 16 வயதில் நிக்காஹ்! வயது ஏற ஏறக் கைக்கூலியும் ஏறும் என்ற கணக்கும் அதில் சேர்ந்துகொள்கிறது. ஊரிலுள்ள செல்வந்தரும் ‘குமர் காரியம்’ என்றவுடன் கேள்வி கேட்காமல் பணத்தை எடுத்து நீட்டுகிறார். பெண்ணுக்கு வயதென்ன என்று கேட்பதில்லை. அதே பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்புக் கட்டணத்திற்கு அவரிடம் போய் நின்றால், ‘பார்க்கலாம்’ என்கிறார். எது நன்மை, எது தீமை என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிக்காஹ் ஒரு பெண்ணின் உறவை ஹலாலாக்கும். அவளுடைய இடுப்பெலும்பை வளர்க்காது, இரத்தத்தைப் பெருக்காது. ஆண்டு திரும்புவதற்குள் “விசேஷம் உண்டா?” என்று கேட்கும் மாமியார் வீட்டில், 16 வயது மருமகள் வேண்டாம் என்று சொல்லவும் வாய் திறக்க இயலாது.

இன்னொரு வகைக் கல்யாணமும் உண்டு. பெண் கருவுற்றாள் என்பது தெரிந்தவுடன், அவளைக் கெடுத்தவனையே தேடிப் பிடித்து, இரவோடு இரவாக நிக்காஹ் முடித்து, ‘விஷயம் வெளியே தெரியாமல் முடித்துவிட்டோம்’ என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவது. ஒரு வளர்ந்த ஆண், அறியாப் பிள்ளையை ஏமாற்றியோ அச்சுறுத்தியோ கெடுத்திருந்தால், அவன் கையிலேயே அவளை ஒப்படைப்பது நீதியா? கொள்ளையடித்தவனுக்கே வீட்டை எழுதிக் கொடுப்பது போன்றதன்றோ அது! பழி முழுவதும் பெண் தலையில். ஆணுக்கோ மாப்பிள்ளைக் கோலம். இந்த ஓரவஞ்சனைக்கு மார்க்கத்தில் இடமே இல்லை. ஒழுக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்பதை மிம்பரிலிருந்து கேட்டுவிட்டு, பஞ்சாயத்தில் உட்கார்ந்ததும் மறந்துவிடுவது ஏன்?

ஷரீஅத்தின் பெயரால்

“பருவமடைந்த பெண்ணுக்கு நிக்காஹ் செய்ய ஷரீஅத் அனுமதிக்கிறது, அதில் வயது பேச நீங்கள் யார்?” என்று கேட்போருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

அனுமதி வேறு, கடமை வேறு. ஆகுமானது என்று விடப்பட்ட ஒன்றைச் சமுதாய நன்மை கருதி வரையறுக்க இடமுண்டு என்பதை ஃபிக்ஹு கற்ற எவரும் அறிவர். தீங்கு செய்யலாகாது, தீங்கு நேரவும் விடலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைப்பது குறித்துத் திருமறையின் நிஸா அத்தியாயம் ஆறாம் வசனம் பேசுகிறது. திருமண வயதை அடைந்தால் மட்டும் போதாது, பகுத்துணரும் முதிர்ச்சியும் அவர்களிடம் காணப்பட வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கிறது. கொஞ்சம் பணத்தைக் கையாள்வதற்கே முதிர்ச்சி வேண்டுமென்றால், ஓர் உயிரைச் சுமந்து, பெற்று, வளர்ப்பதற்கு அது வேண்டாமா?

பருவத்தின் அடையாளங்கள் தோன்றாதபோது பெண்ணின் முதிர்ச்சிக்கு 17 வயது என்று வரையறுத்தவர் இமாம் அபூஹனீபா அவர்கள். பருவமடையாப் பிள்ளைகளுக்கு மணம் முடித்தலே கூடாது என்றவர் கூபா நகரத்து நீதிபதி இப்னு ஷுப்ருமா அவர்கள். இத்தகைய கருத்துகளைத் துணைக்கொண்டே, 1917இல் உதுமானியப் பேரரசு தனது குடும்பச் சட்டத்தில் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்று பொதுவான திருமண வயது வகுத்தது. 1923இல் எகிப்து, 16 நிறையாத பெண்ணின் திருமணத்தைப் பதிவு செய்யலாகாது என்றது. 2008இல் அதை 18 ஆக்கியது. மொராக்கோ 2004இல் 18 என்றது. உலகிலேயே முஸ்லிம்கள் மிகுந்த நாடுகளுள் முன்னணியில் நிற்கும் இந்தோனேசியா, 2019இல் பெண்ணின் வயதை 16இலிருந்து 19 ஆக உயர்த்தியது. இந்நாடுகள் எல்லாம் ஷரீஅத்தைக் கைவிட்டுவிட்டனவா?

இங்கும் 1929இல் சாரதா சட்டம் மத்திய சட்டசபைக்கு வந்தபோது முஸ்லிம் உறுப்பினர் பலர் எதிர்த்தனர். ஆனால் முஹம்மது அலி ஜின்னா அதனை ஆதரித்துப் பேசினார். பெண்ணுக்கு 14 என்று தொடங்கிய அந்த வரம்பு 1949இல் 15 ஆகி, 1978இல் 18 ஆயிற்று. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லுவோம். பெண்பிள்ளைகளை நல்ல முறையில் வளர்த்து ஆளாக்குவோருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருப்பதை மேடை தோறும் முழங்குகிறோமே, ஆளாகுமுன்னே பெண்ணை அனுப்பிவிடுவது அந்த வளர்ப்பில் சேருமா?

சட்டத்துக்கு அஞ்சி

இனி, மறைப்புக்குச் சொல்லப்படும் காரணங்களுள் உண்மையிலேயே வலுவானது ஒன்று உண்டு. அதை நாம் மழுப்பப் போவதில்லை. “மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும்” என்பதே அது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் ‘போக்சோ’ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எவரும் குழந்தையே. அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், தவறினால் தண்டனை. மனைவி என்றால் விலக்கு உண்டு என்று இருந்த நிலையையும் 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாற்றி, 18 நிறையாத மனைவியுடன் கூடுவதும் குற்றமே என்று தீர்ப்பளித்தது. ஆகவே 17 வயது மனைவி மருத்துவமனையில் வயதைச் சொன்னால், கணவன் மேல் வழக்கு வரும். அதனால் வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். அல்லது போகாமலே இருந்துவிடுகிறார்கள். அல்லது மருந்துக் கடையில் சீட்டின்றி மாத்திரை வாங்கிக் கொடுத்து, இரத்தப் பெருக்கில் அந்தப் பிள்ளையைக் கிடத்துகிறார்கள்.

சட்டத்தின் நோக்கம் சிறந்தது. குழந்தையைக் கெடுத்த கயவன் தப்பக் கூடாது. அவன் உறவினனாயினும், ஆசிரியனாயினும், ஊர்ப் பெரியவனாயினும் காட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. இதில் நமக்குத் தயக்கமே இல்லை. ஆனால் போலீஸை மட்டுமே கொண்டு பொதுச் சுகாதாரத்தைக் காக்க முடியாது. 2023 பிப்ரவரியில் அஸ்ஸாம் அரசு, குழந்தைத் திருமணத்தை ஒழிப்பதாகச் சொல்லி ஒரே வீச்சில் 3,000க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. கருவுற்றிருந்த இளம்பெண்கள் கணவன் சிறைப்படுவான் என்று அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லவே தயங்கியதாகச் செய்திகள் வந்தன. குடும்பங்களில் பெருங்குழப்பம் விளைகிறது என்று கவுஹாத்தி உயர் நீதிமன்றமே கடிந்துகொண்டது. பெண்ணைக் காக்க எழுந்த கை, பெண்ணின் மருத்துவத்தையே தடுத்துவிட்டது!

நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலை உணராமல் இல்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடி வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்கு அளிக்கும் அறிக்கையில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. இது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது; தெரிவிப்பாரும் இல்லை. கருக்கலைப்புப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாப் பெருமக்களிடம் கேட்டறிய வேண்டும்; அதில் நாம் புகவில்லை. ஆனால் இரத்தப் பெருக்கில் துவளும் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கு எந்த ஃபத்வாவும் தேவையில்லை.

பிள்ளையைப் பெற்றுக்கொள்ள வரும் சிறுமிக்கு அந்தப் பாதுகாப்பும் தெளிவாக இல்லை. அவளுடைய முதல் பரிசோதனைக்கு அச்சம் குறுக்கே நிற்காதபடி வழி காண வேண்டியது அரசின் கடமை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நடக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் 19 வயது நிறைந்தவர்களுக்கே என்று வரம்பு கட்டப்பட்டது. இளவயது மணத்தை ஊக்குவிக்கலாகாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் அத்திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகம் யாருக்கு மிகத் தேவையோ, அந்த 17 வயதுப் பிள்ளைக்கு அது இல்லையென்றால், தண்டிக்கப்படுவது பெற்றோரா, வயிற்றிலிருக்கும் சிசுவா? பணத்துக்கு வயது பாருங்கள். சத்துணவுக்கு வயது பார்க்காதீர்கள் என்று அரசை வேண்டுகிறோம்.

கோஷா ஆஸ்பத்திரியின் பாடம்

வெட்கத்தையும் உயிரையும் எப்படி ஒருங்கே காப்பது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் ‘கோஷா ஆஸ்பத்திரி’யை அறியாத முஸ்லிம் குடும்பம் சென்னையில் உண்டா? ஆண் மருத்துவர் முன் வரமாட்டோம் என்று அந்தக் காலத்தில் கோஷாப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் துன்புற்றனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி ஷார்லீப் அம்மையார் அதைக் கண்டார். “வெளியே வாருங்கள், இல்லையேல் சாகுங்கள்” என்று அவர் சொல்லவில்லை. கோஷாவோடே வந்து செல்லும்படி, பெண்களுக்கெனத் தனி மருத்துவமனையை 1885இல் தோற்றுவித்தார். வெட்கம் வாசலில் தடுக்காதபோது பெண்கள் வந்தார்கள், உயிர்கள் பிழைத்தன.

இன்று நமக்கு வேண்டுவதும் அதுவே. இளவயதில் கருவுற்ற பிள்ளை உள்ளே நுழையும்போது, “இந்த வயசிலா?” என்று வரிசையில் நிற்போர் கேட்க உரக்கப் பேசாத செவிலியர் வேண்டும், தனித்து உட்கார்ந்து பேச ஓர் அறை வேண்டும், ஆறுதல் சொல்ல ஒரு பெண் வேண்டும். இங்கிலாந்தில் 1999இல் ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். பள்ளியில் அறிவு புகட்டினார்கள். இளைஞர் கூச்சமின்றிச் செல்லும் மருத்துவ நிலையங்களை அமைத்தார்கள். தாயாகிவிட்ட சிறுமியை மீண்டும் படிக்க அனுப்பினார்கள். 1998இல் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆயிரவருக்கு 46.6 ஆக இருந்த கருவுறும் விகிதம், 2016இல் 18.8 ஆகக் குறைந்தது. அந்நாட்டின் ஒழுக்க முறைகள் நமக்கு உகந்தவை அல்ல. ஆனால் மறைக்காமல் முகங்கொடுத்தால் துன்பம் குறையும் என்ற பாடத்தை எங்கிருந்தும் கற்கலாம்.

“பிள்ளைகளிடம் இவற்றைப் பேசினால் வெட்கம் போய்விடும்” என்போருக்கு ஒன்று சொல்வோம். நமது மக்தபுகளில் சிறுவர் சிறுமியருக்குக் குளிப்புக் கடமையாவதன் காரணங்களையும், மாதவிடாய், பேறுகாலத் தீட்டு ஆகியவற்றின் சட்டங்களையும் தொன்றுதொட்டுக் கற்பித்து வருகிறோம். அதனால் எந்தப் பிள்ளையின் வெட்கமும் போய்விடவில்லை. அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகவே, தன் உடலை எவரும் தொட விடலாகாது என்பதையும், தொட்டால் தாயிடம் உடனே சொல்ல வேண்டும் என்பதையும், இளவயதுக் கருவின் அபாயத்தையும் உஸ்தாதாக்களும் தாய்மாரும் சொல்லித் தரட்டும். பையன்களுக்கும் தந்தையர் சொல்லித் தரட்டும்.

மஹல்லாவின் கடமை

அரசைக் குறை கூறிவிட்டு அமைந்துவிட நாம் விரும்பவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள ஜமாஅத்தார் தாமாகவே செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றுக்கு எவர் உத்தரவும் வேண்டியதில்லை.

முதலாவது, நிக்காஹ் தப்தர். வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவ்வூர் ஜமாஅத்தின் கடிதம் இல்லாமல் நிக்காஹ் நடத்துவதில்லை அல்லவா? அதே கண்டிப்போடு, மணமகளின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் தப்தரைத் திறக்க மாட்டோம் என்று ஒவ்வொரு பள்ளிவாசலும் தீர்மானிக்கட்டும். தமிழகத்தில் 2009 முதல் எல்லாத் திருமணங்களும் அரசிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வயது நிறையாத நிக்காஹ் பதிவேறாது. நாளைக்கு ஜீவனாம்சத்திற்கோ வாரிசுரிமைக்கோ அலையப்போவது அந்தப் பெண்ணே. வயது பார்க்காமல் கையெழுத்திடும் நிர்வாகி அவளுக்குச் செய்வது உபகாரம் அன்று.

இரண்டாவது, குமர் காரிய நிதி. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஒரு பங்கைக் குமரின் படிப்புக்கு ஒதுக்கச் சொல்கிறோம். அரசின் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 2022இல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கெனத் தொடங்கி, 2024இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் அது விரிவாக்கப்பட்டது. நமது பெண்கள் பலர் அத்தகைய பள்ளிகளில் பயில்கிறார்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டினால்தானே அந்த வாசல் திறக்கும்? அதுவரை தாங்கிப் பிடிப்பது மஹல்லாவின் பொறுப்பு.

மூன்றாவது, மாலை நேரங்களில் பெண்பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்து படிக்க ஓர் இடம். தாய் வேலையிலிருந்து திரும்பும்வரை, மதரஸாவின் ஓர் அறையில் ஓர் உஸ்தாதாவின் பொறுப்பில் பிள்ளைகள் இருக்கலாம். தாயின் அச்சம் தீர்ந்தால் கல்யாண அவசரமும் தீரும்.

நான்காவது, கருவுற்றுவிட்ட பிள்ளை. அவளும் இந்தச் சமுதாயத்தின் மகளே. அவள் வீட்டை ஊர்விலக்கம் செய்யும் ஜமாஅத், அவளை மருத்துவமனையிலிருந்தும் விலக்குகிறது என்பதை உணர வேண்டும். அவள் செய்தது தவறாயின் அதற்கான கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. அவள் வயிற்றிலிருக்கும் உயிரோ எந்தப் பாவமும் அறியாதது. ஜமாஅத்தில் நம்பிக்கைக்குரிய இரண்டு பெண்கள் போதும்: அவளை முதல் மூன்று மாதத்திற்குள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, உண்மையான வயதை மருத்துவரிடம் சொல்ல, அரசு கொடுக்காத சத்துணவை ஊர்ப் பணத்தில் வாங்கிக் கொடுக்க, பேறு முடிந்தபின் மீண்டும் படிக்க அனுப்ப. கேட்ட செய்தியைக் காற்றில் பரப்பாமல் நெஞ்சில் வைத்துக்கொள்ளவும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். பிறர் குறையை மூடுவது நமது மார்க்கம் போற்றும் பண்பு. ஆனால் குறையை மூடுவது வேறு. குறையோடு சேர்த்து ஓர் உயிரையும் மூடிவிடுவது வேறு. மருத்துவரிடமிருந்து மறைப்பது இரண்டாவது வகை.

வருகின்ற ரமலானுக்குமுன் ஒவ்வொரு மஹல்லாவிலும் நிர்வாகக் கூட்டம் நடைபெறும்; வரவு செலவு வாசிக்கப்படும். அந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எழுந்து நின்று முன்மொழியும்படி வாசகர்களை வேண்டுகிறோம். 18 வயது நிறைந்ததற்குச் சான்று இல்லாத நிக்காஹ் நமது தப்தரில் ஏறாது என்பது ஒன்று. நமது மஹல்லாவில் கருவுற்ற எந்தப் பெண்ணும், அவள் எந்த வயதினள் ஆயினும், எந்த நிலையில் கருவுற்றிருப்பினும், தனியாக மருத்துவமனைக்குப் போக மாட்டாள் என்பது மற்றொன்று. எதிர்ப்போர் இருப்பார்கள். அவர்களுடைய காரணங்களையும் அதே கூட்டத்தில் எல்லோரும் கேட்க எடுத்துரைக்கும்படி அவர்களிடம் கேளுங்கள்.